பெயர் எழுதப்படாத உடன்படிக்கை

துருக்கிய சுல்தானுக்கு எதிராகச் செர்பியக் குடியானவர்கள் தொடங்கிய முதற் கலகம் 1813-இல் நசுக்கப்பட்டதோடு சென்ற அத்தியாயத்தை நிறுத்தியிருந்தோம். அந்தத் தோல்விக்குப் பின் எல்லை நதிகளைக் கடந்து ஆஸ்திரிய ராஜ்யத்துக்குள் ஓடி வந்த மக்கட் கூட்டத்தில், ஒரு கால் முடங்கிய இளைஞர் ஒருவரும் இருந்தார். அவருடைய கதையை ஆதியிலிருந்து சொல்லுமுன், அவர் அறுபத்திரண்டு வயதுக் கிழவராய் வியன்னா நகரத்தில் ஒரு தாளில் கையொப்பமிட்ட நாளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் செர்பிய பாஷையும் குரோஷிய பாஷையும் ஒன்றா இரண்டா என்று இன்றுவரை நடந்துவரும் வழக்கின் மூல பத்திரம் அந்தத் தாள்தான்.

அது 1850-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28-ஆம் தேதி. ஹாப்ஸ்பர்க் சக்கரவர்த்தியின் ராஜ்யத்தில் இரண்டாண்டுகளுக்கு முன் மூண்ட புரட்சிகள் அடக்கப்பட்டுவிட்டன. ஆயினும் பிரஜைகளுக்கு அவரவர் பாஷையிலேயே சட்டங்களை அச்சிட்டு வழங்குவது என்ற கொள்கையை அரசாங்கம் ஏற்றிருந்தபடியால், ஜெர்மன் சட்டச் சொற்களுக்கு ஸ்லாவிய பாஷைகளில் நேரான சொற்களை வகுக்கும் பொருட்டுப் பண்டிதர் சிலர் தலைநகரில் தங்கியிருந்தனர். அவர்களும் அவர்களுடைய நண்பர்களுமாக எண்மர் கூடினார்கள். ஏழாண்டுகளுக்கு முன் குரோஷிய சட்டசபையில் லத்தீனை விடுத்துத் தாய்மொழியில் முதன்முதலாகப் பேசிய இவான் குகுல்யேவிச், கவிஞர் இவான் மஜுரானிச், நாடகாசிரியர் திமித்ரியா தெமெத்தர் முதலிய ஐவர் குரோஷியத் தரப்பினர். காலூனமுற்ற வூக் கராஜிச்சும் அவருடைய இளம் சீடர் ஜூரோ தானிச்சிச்சும் செர்பியர். எட்டாமவராகிய மிக்லோஷிச், ஸ்லாவிய பாஷைகளின் ஒப்பிலக்கணத்தில் பெரும் புகழ் ஈட்டிய ஸ்லோவீனியர். எந்த அரசும் இவர்களை இக்காரியத்துக்கென நியமிக்கவில்லை, எந்த மகாசபையும் இவர்களுக்கு அதிகாரம் கொடுக்கவில்லை. ஒரே ஜனங்களுக்கு ஒரே இலக்கியம் இருத்தல் வேண்டும் என்று இவர்கள் எழுதினார்கள். எந்த வழக்கைக் கைக்கொள்வது, எந்த எழுத்தை எங்கே இடுவது என்றும் விதித்தார்கள். ஆனால் தாங்கள் விதி வகுத்த அந்தப் பாஷைக்குப் பெயர் என்ன என்பதை அந்தத் தாளில் ஓரிடத்திலும் எழுதவில்லை.

இவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்த வழக்குகள் எவை என்பதைச் சற்று விளக்க வேண்டும். அந்தத் தேசத்து ஜனங்களுடைய பேச்சு, 'என்ன?' என்று கேட்கும் சொல்லைக் கொண்டே மூன்று பெரும் வழக்குகளாகப் பிரிக்கப்படுகிறது. ஸாக்ரெப் நகரைச் சுற்றிய வடமேற்குப் பகுதியார் 'கய்' என்று கேட்பார்கள். ஆட்ரியாட்டிக் கடலோரத்தின் வடபகுதியாரும் தீவுவாசிகளும் 'ச்சா' என்பார்கள். ஏனைய குரோஷியரும், போஸ்னியா, மாண்டிநீக்ரோ, செர்பியா ஆகிய நாடுகளில் வாழும் பெரும்பான்மையோரும் 'ஷ்டோ' அல்லது 'ஷ்டா' என்பார்கள். இவற்றுள் ஷ்டோ வழக்கினுள்ளேயே பழைய ஸ்லாவிய உயிரொலி ஒன்று மூன்று விதமாகத் திரிந்துவிட்டது; ஆகையால் பாலுக்குப் பெல்கிரேடில் 'ம்லேகோ' என்றும், ஹெர்ஸகோவினாவில் 'ம்லியேகோ' என்றும், தல்மேஷியக் கரையின் சில பகுதிகளில் 'ம்லிகோ' என்றும் பெயர். இந்த எல்லைகள் மதத்தையோ குலத்தையோ பார்த்து அமைந்தவை அல்ல. ஹெர்ஸகோவினாவின் ஒரு பள்ளத்தாக்கில் அடுத்தடுத்து வாழ்ந்த கத்தோலிக்கரும், கிழக்குச் சபைக் கிறிஸ்தவரும், முஸல்மான்களும் ஒரே விதமாகத்தான் 'ம்லியேகோ' என்றார்கள். ஸாக்ரெப்பின் கத்தோலிக்கக் குடியானவனுடைய பேச்சோ, தெற்கே துப்ரோவ்னிக்கில் வாழ்ந்த தன் கத்தோலிக்கச் சகோதரனுடைய பேச்சினின்றும் வெகுதூரம் விலகியிருந்தது. பாஷையின் வரைபடமும் ஜாதியாரின் வரைபடமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமையே பிற்காலச் சங்கடங்கள் அனைத்துக்கும் வித்து.

இனி அந்தக் கிழவரின் கதை. மேற்குச் செர்பியாவில் லோஸ்னித்ஸாவுக்கு அருகிலுள்ள திர்ஷிச் கிராமத்தில் 1787-இல் பிறந்தார் வூக் ஸ்தெபானோவிச் கராஜிச். அவருக்கு முன் பிறந்த குழந்தைகள் இறந்துபோனபடியால், சூனியக்காரிகள் ஓநாயின் அருகே வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் பெற்றோர் அவருக்கு ஓநாய் எனப் பொருள்படும் 'வூக்' என்ற பெயரை இட்டனர். கலகம் தோற்ற பின் வியன்னா வந்து சேர்ந்த அவர், ஸ்லாவியப் புத்தகங்களின் தணிக்கையாளராக இருந்த கோபிட்டார் என்ற ஸ்லோவீனியரின் கண்ணில் பட்டார். தன் நாட்டின் வீழ்ச்சியைப் பற்றி இந்த இளைஞர் குடியானவர் பேசும் நடையிலேயே எழுதியிருந்த ஒரு கட்டுரை, தணிக்கைக்கு வந்த இடத்தில் கோபிட்டாரை வியப்பில் ஆழ்த்திற்று. பத்திரிகைகளையும் புத்தகங்களையும் தடுப்பதற்கென்று அமர்த்தப்பட்ட ஓர் உத்தியோகஸ்தர் ஒரு ஜாதியாரின் இலக்கியத்துக்கே மருத்துவச்சியாய் அமைந்தது அபூர்வமான சம்பவம்.

அக்காலத்துப் படித்த செர்பியர்கள் எழுதியது, ரஷ்யத் திருச்சபையின் பாஷையும் ஜனங்களின் பேச்சும் ஒருவருக்கொருவர் வேண்டியபடி கலந்த ஒரு கலப்பு நடை. அதைப் பேசியவர் யாருமில்லை. எழுதியவர்களும் ஒருவரைப்போல் ஒருவர் எழுதவில்லை. வூக் அதைத் தள்ளிவிட்டு, பேசுகிறபடி எழுதுவது, எழுதியபடி படிப்பது என்ற ஒரே விதியைப் பிடித்துக்கொண்டார். 1814-இல் ஒரு சிறிய இலக்கணமும், நாட்டுப் பாடல்களின் தொகுதி ஒன்றும் வெளியிட்டார். 1818-இல் ஜெர்மன், லத்தீன் பொருள்களோடு 26,270 சொற்கள் அடங்கிய அகராதியைப் பிரசுரித்தார். ஓரொலிக்கு ஓரெழுத்து என்ற நியாயத்தால் பழைய சிரிலிக் லிபியினின்று பயனற்ற எழுத்துக்களைக் களைந்தார். இல்லாத ஒலிகளுக்குப் புதிய எழுத்துக்களைச் சேர்த்தார். அவற்றுள் யகர ஒலிக்கு அவர் லத்தீன் லிபியினின்று எடுத்த ஒற்றை எழுத்து, கிழக்குச் சபையின் குருமார்களுக்குக் கத்தோலிக்க மதத்தின் ஒற்றனாகவே தோன்றியது. அன்றியும் குடியானவர் வாயில் வழங்கும் ஆபாசச் சொற்களையும் ஒளிக்காமல் அகராதியில் சேர்த்தது அவர்களுடைய கோபத்தை இன்னும் வளர்த்தது. ஜெர்மன் பண்டிதர் யாக்கோப் கிரிம் அவருடைய இலக்கணத்துக்கு முன்னுரை எழுதினார், யேனா சர்வகலாசாலை டாக்டர் பட்டம் அளித்தது. செர்பிய அரசோ 1832-இல் அவருடைய எழுத்துமுறையையே தடைசெய்தது. முழு அங்கீகாரம் கிடைத்தது 1868-இல். அப்போது அவர் இறந்து நான்காண்டுகள் ஆகியிருந்தன.

ஆஸ்திரிய ராஜ்யத்துக்குள்ளே, குரோஷியாவில் நடந்த கதை வேறு. அங்கே செத்த பாஷையோடு போராட வேண்டியிருக்கவில்லை. உயிருள்ள பாஷைகள் மூன்று இருந்ததுதான் கஷ்டம். கிராபினா என்ற சிற்றூரில் 1809-இல் பிறந்த லியுதெவித் காய், தம் இருபத்தொன்றாம் வயதில் பூடா நகரத்தில் ஒரு சிறு புத்தகத்தை அச்சிட்டு, குரோஷியரின் எழுத்துமுறையைச் சீர்திருத்த வழி சொன்னார். அதுவரையில் ஸாக்ரெப்பில் ஹங்கேரியரைப் பின்பற்றியும் தல்மேஷியாவில் இத்தாலியரைப் பின்பற்றியும் ஒரே ஒலியைப் பலவாறு எழுதிவந்தார்கள். காய் செக் பாஷையின் குறியிட்ட எழுத்துக்களை மாதிரியாகக் கொண்டார், போலிஷ் பாஷையினின்றும் ஓரெழுத்தை எடுத்துக்கொண்டார். 1835-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பத்திரிகை ஒன்றும் 'தானிட்ஸா', அதாவது விடிவெள்ளி, என்ற இலக்கிய அநுபந்தமும் நடத்தலானார். அந்த முதலாண்டு முடியுமட்டும் அவை பெரும்பாலும் ஸாக்ரெப் வாசகர் வீட்டில் பேசிய கய் வழக்கிலேயே வெளிவந்தன. 1836 பிறந்ததும் அவர் அதை விடுத்து ஷ்டோ வழக்கில் எழுதத் தொடங்கினார்.

இந்த இடத்தில் நான் சற்று நின்று பார்க்கிறேன். கய் வழக்கு என்பது எழுத்து வாசனையில்லாத பட்டிக்காட்டுப் பேச்சன்று. நூற்றாண்டுகளாக அதில் புத்தகங்கள், அகராதிகள், பிரசங்கங்கள், நாடகங்கள் வெளிவந்திருந்தன. காய் பிறந்த வீட்டின் பேச்சும் அதுவே. ஆயினும், சிதறிக் கிடந்த நாடுகளை ஒன்றாக்கவேண்டுமானால் மிகுதியான ஜனங்கள் பேசுவதும், பழைய துப்ரோவ்னிக் கவிஞர்களின் செல்வம் நிறைந்ததுமான வழக்கே வேண்டும் என்று கருதி, குரோஷியன், செர்பியன் என்ற பெயர்களையும் ஒருபுறம் வைத்து, அப்பிரதேசத்தின் புராதனப் பெயரான 'இல்லீரியன்' என்பதைச் சூட்டி, தாயின் பேச்சைக் காயும் அவரைச் சேர்ந்தவர்களும் தாமாகவே விட்டுக்கொடுத்தார்கள். வூக் தாம் பேசியதையே எழுதினார். காய் தாம் பேசாததை எழுதக் கற்றார். முன்னதைப் போற்றுவோர் அநேகர். பின்னதன் விலையை மதிப்பிட்டவர் சிலரே. விட்டுக்கொடுக்கப்பட்ட அந்த வழக்கு, சரியாக நூறாண்டு கழித்து 1936-இல், மிரோஸ்லாவ் கிர்லெஜா எழுதிய 'பேத்ரித்ஸா கெரெம்பூஹ்' கதைப்பாடல்களாக மீண்டும் குரல் எழுப்பிற்று.

ஆகவே 1850-இல் வியன்னாவில் சந்தித்தவர்கள் ஒரே இடத்துக்கு எதிரெதிர்த் திசைகளிலிருந்து வந்தவர்கள். மஜுரானிச் ச்சா வழக்குப் பேசும் கடலோரத்தில் பிறந்தவர்; அவரே துப்ரோவ்னிக் கவிஞர் குந்துலிச்சின் 'ஓஸ்மான்' காவியத்தில் குறைந்துபோன இரண்டு காண்டங்களை, மூலத்தினின்று வேறுபாடு தெரியாதபடி ஷ்டோ வழக்கில் பாடி, 1844-இல் பூர்த்தி செய்தவர். தானிச்சிச் நோவி சாத் நகரத்துக்காரர், 'ம்லேகோ' என்பவர். அவரும் 'ம்லியேகோ'வுக்கு இணங்கினார். பல வழக்குகளைக் கலந்து புதியதொன்றைச் செய்யலாகாது. தென்னாட்டு வழக்கையே கொள்ளவேண்டும். ஹகரத்தைச் சொல்லின் மூலத்தில் உள்ள இடங்களிலெல்லாம் எழுதவேண்டும். ஆறாம் வேற்றுமைப் பன்மையின் கடைசியில் அதை எழுதலாகாது. உயிரின் துணையின்றித் தானே அசையாகும் ரகரத்தின் முன் உயிரெழுத்தை இடலாகாது. உடன்படிக்கையின் சாரம் இவ்வளவே.

இரு தரப்பும் இதை மீறின. ஸாக்ரெப் ஆசிரியர்கள் அந்தப் பன்மை ஹகரத்தை இன்னும் நாற்பதாண்டுகள்போல் விடவில்லை. அதனாலேயே 'அஹவ்ட்ஸி' என்று பட்டப்பெயரும் பெற்றார்கள். பெல்கிரேடும் நோவி சாத்தும் தென்னாட்டு 'ம்லியேகோ'வை ஏற்காமல், தங்கள் நகரங்களின் 'ம்லேகோ'விலேயே எழுதிவந்தன. பின்னும் ஆழமான புண் ஒன்று இருந்தது. கையொப்பத்துக்கு முந்திய ஆண்டு, 1849-இல், வூக் பிரசுரித்த ஒரு கட்டுரையில், ஷ்டோ வழக்குப் பேசுவோர் கத்தோலிக்கராயினும் முஸல்மான்களாயினும் எல்லாரும் செர்பியரே என்று சாதித்திருந்தார். பாஷையைக் கொண்டு ஜாதியை நிர்ணயிப்பது அக்கால ஜெர்மன் பண்டிதர்களிடம் அவர் கற்ற முறை என்பதை நாம் மறக்கலாகாது. எனினும் நாட்டின் ஒற்றுமைக்காகத் தாய்ப்பேச்சையே விட்டு வந்த குரோஷியருக்கு, வந்து சேர்ந்த வீடும் உங்களுடையதன்று என்று சொல்லக் கேட்டது எவ்வளவு வேதனை அளித்திருக்கும்! தாளில் பெயர் எழுதப்படாததற்கு இதைக் காட்டிலும் வேறு காரணம் தேடவேண்டியதில்லை என்றே நான் நினைக்கிறேன்.

இலக்கண அஸ்திவாரம் ஒன்றாயிருந்தும் அதன்மேல் எழுந்த கட்டடங்கள் எவ்வாறு வேறுபட்டன என்பதற்குச் சரித்திரமே சாட்சி. செர்பியருக்குக் கிறிஸ்தவம் பைசாந்தியத்திலிருந்து கிரேக்க உச்சரிப்போடு வந்தது. குரோஷியருக்கு ரோமாபுரியிலிருந்து லத்தீன் உச்சரிப்போடு வந்தது. ஆதலால் கிறிஸ்து முன்னவருக்கு 'ஹ்ரிஸ்தோஸ்', பின்னவருக்கு 'கிரிஸ்த்'. பாபிலோன் நகரம் அங்கே 'வாவிலோன்', இங்கே 'பாபிலோன்'. ஆயிரம் என்ற எண்ணுக்குக் கிரேக்கத்தினின்று வந்த 'ஹில்யாதா' செர்பியரிடம் நிலைத்தது. பழைய ஸ்லாவியச் சொல்லான 'திசூச்சா'வைக் குரோஷியர் காத்தனர். ரொட்டி அங்கே 'ஹ்லெப்', இங்கே 'க்ரூஹ்'. ரயில் வண்டி அங்கே 'வோஸ்', இங்கே 'வ்லாக்'. துருக்கியர் ஆட்சி கொடுத்த சொற்கள் மட்டும் இருவருக்கும் பொதுச்சொத்து. சர்க்கரையை இருவருமே 'ஷெச்சேர்' என்கிறார்கள். துருக்கிய வழியாகவும் பாரசீக வழியாகவும் அதைப் பின்தொடர்ந்து சென்றால் 'சர்க்கரா' என்னும் ஸமஸ்கிருதச் சொல்லில் போய் நிற்போம். தமிழ் வாசகர் இந்தப் பாஷைகளில் எதிர்பாராமல் சந்திக்கக்கூடிய பழைய சிநேகிதம் அது.

மாதங்களின் பெயர்களில் வேற்றுமை மிக அழகாகத் தெரிகிறது. செர்பியர் லத்தீன் பெயர்களையே வழங்குகிறார்கள். குரோஷியரோ உழவனுடைய பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏப்ரல் புல் மாதம், ஜூலை அரிவாள் மாதம், அக்டோபர் இலையுதிர்வு மாதம். சாஸ்திரச் சொற்களிலும் இதே போக்கு: ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்து குரோஷியராகவே ஆகிவிட்ட போகோஸ்லாவ் ஷூலெக், 1874-இல் வெளிவரத் தொடங்கிய தம் கலைச்சொல் அகராதி முதலியவற்றின் வாயிலாக ஏராளமான சொற்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பிராணவாயுவுக்குக் குரோஷியர் 'கிசிக்' என்பார்கள், செர்பியர் 'கிசெயோனிக்' என்பார்கள். இரண்டுக்கும் வேர் 'புளிப்பு' என்ற ஒரே சொல்தான், விகுதி மட்டுமே வேறு. வாக்கிய அமைப்பில் மேலானதொரு வேற்றுமை உண்டு. 'வேலை செய்ய விரும்புகிறேன்' என்பதைக் குரோஷியர் நம்மைப்போல் எச்சவினையால் சொல்ல விரும்புவார்கள். செர்பியரோ கிரேக்கர், பல்கேரியர் முதலிய அண்டையாரைப்போல், 'விரும்புகிறேன்' என்பதன் பின் ஓர் இடைச்சொல்லை வைத்து 'செய்கிறேன்' என்று முற்றுவினையையே மறுபடி சொல்வார்கள். எதிர்கால வினையை ஒருவர் சேர்த்தும் மற்றவர் பிரித்தும் எழுதுவார்கள். காதுக்கு இரண்டும் ஒன்றே. இவ்வளவுக்கும் பின், பெல்கிரேடுவாசி ஒருவரும் ஸாக்ரெப்வாசி ஒருவரும் நாள் முழுதும் தடையின்றிச் சம்பாஷிக்கலாம் என்பது யாரும் மறுக்காத உண்மை. ஒரு பெல்கிரேடுக்காரர் 'நெதெல்யா' என்றால் வாரத்தைச் சொல்கிறாரா, ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறாரா என்று ஸாக்ரெப்காரர் ஒரு கணம் தயங்கக்கூடும். அவருக்கு அது ஞாயிறு மட்டுமே.

பெயரைப் பற்றிய கதை இதன்பின் விசித்திரமாக வளர்ந்தது. தானிச்சிச் ஸாக்ரெப் கலாசங்கத்தின் அழைப்பை ஏற்று அங்கே சென்று பேரகராதி ஒன்றைத் தொடங்கினார். 1880-இல் வெளிவரத் தொடங்கிய அதன் பெயர் 'குரோஷிய அல்லது செர்பிய பாஷையின் அகராதி'. அந்த 'அல்லது' என்ற ஒற்றைச் சொல்லில் எத்தனை எச்சரிக்கை! குரோஷியரின் லத்தீன் லிபியில் இன்றும் வழங்கும், குறுக்குக் கோடிட்ட ஓரெழுத்தைக் கொடுத்தவரும் இந்தச் செர்பியரே. அகராதி 1976-இல்தான் முடிந்தது. இடையில், 1913-இல், பெல்கிரேடு விமரிசகர் யோவான் ஸ்கெர்லிச், செர்பியர் சிரிலிக் லிபியை விடட்டும், குரோஷியர் 'ம்லியேகோ' உச்சரிப்பை விடட்டும் என்றொரு பண்டமாற்றுச் சொன்னார். முதல் உலக யுத்தம் முடிந்து செர்பியர், குரோஷியர், ஸ்லோவீனியர் மூவருக்கும் பொதுவான ராஜ்யம் அமைந்தபோது ஸாக்ரெப் இளங்கவிஞர் சிலர் உற்சாகத்தோடு தம் பங்கைச் செலுத்தி 'ம்லேகோ' நடையில் எழுதினார்கள். மறுதரப்பிலிருந்து லிபி வரவில்லை. 1921-ஆம் வருஷத்து அரசியல் சாஸனமோ 'செர்பிய-குரோஷிய-ஸ்லோவீனிய பாஷை' என்று பேசுவோரே இல்லாத ஒரு பாஷையைப் பிரகடனம் செய்தது. பெல்கிரேடின் ஆதிக்கத்தில் மனம் கசந்த குரோஷியர் தங்கள் சொற்களை இன்னும் இறுகப் பற்றினர்.

1941-இல் நாஜிகளின் நிழலில் எழுந்த குரோஷிய உஸ்தாஷா அரசு, பிறந்த பதினைந்தாம் நாள் சிரிலிக் லிபியைத் தடைசெய்தது. எழுத்துமுறையையும் பலவந்தமாக மாற்றிற்று. அந்த லிபியில் எழுதிய செர்பியரை அதே அரசு யாஸெனோவாத்ஸ் முகாமிலும் கிராமங்களிலும் திரள் திரளாகக் கொன்றது. யூதரும் ரோமா ஜனங்களும் அவ்வாறே மடிந்தனர். இதன் பிறகு பாஷையின் தூய்மை என்று ஒருவர் பேசினால் மற்றவர் காதில் அது வேறாக ஒலித்ததில் ஆச்சரியம் என்ன?

மார்ஷல் டிட்டோவின் யுகோஸ்லாவியாவில் 1954-ஆம் வருஷம் டிசம்பர் 8 முதல் 10 வரை நோவி சாத் நகரத்தில் பண்டிதர்களும் எழுத்தாளர்களும் கூடினார்கள். செர்பியர், குரோஷியர், மாண்டிநீக்ரோவினர் மூவருக்கும் பாஷை ஒன்றே. அது பெல்கிரேடு, ஸாக்ரெப் என்ற இரு மையங்களைச் சுற்றி வளர்ந்தது. இரு உச்சரிப்பும் இரு லிபியும் சமம். அரசாங்க உபயோகத்தில் பெயரின் இரு பகுதிகளும் எப்போதும் சேர்ந்தே வரவேண்டும் என்று பத்து முடிவுகள் எழுதினார்கள். நூற்றுநான்கு ஆண்டுகளாகக் காலியாய் இருந்த இடத்தில் ஒரே சமயத்தில் இரண்டு பெயர்களை நிரப்பினார்கள். 1960-இல் பொதுவான எழுத்திலக்கணம் வந்தது. 1967-இல் நோவி சாத்திலும் ஸாக்ரெப்பிலும் இருந்த 'மாதிட்ஸா' என்னும் இலக்கியச் சங்கங்கள் இரண்டும் பொது அகராதியின் முதற் பாகங்களை வெளியிட்டன. அங்கே குரோஷியச் சொற்கள் பல பொதுச் சொல்லின் பிராந்தியத் திரிபுகளைப்போல் ஒதுக்கப்பட்டிருப்பதை ஸாக்ரெப் பண்டிதர்கள் கண்டார்கள். ஸாக்ரெப் பதிப்பு இரண்டு பாகங்களோடு நின்றுவிட்டது. நோவி சாத் மட்டும் தனியே நடந்து 1976-இல் ஆறாம் பாகத்தை முடித்தது.

அதே 1967-ஆம் வருஷம் மார்ச்சு 17-ஆம் தேதி, ஸாக்ரெப் வாரப் பத்திரிகை 'தெலெகிராம்', குரோஷிய இலக்கிய பாஷையின் பெயரையும் நிலையையும் பற்றிய பிரகடனத்தைப் பிரசுரித்தது. யுகோஸ்லாவியாவில் ஸ்லோவீனியம், குரோஷியம், செர்பியம், மாசிடோனியம் என நான்கு பாஷைகளையும் சமமாக ஏற்கவேண்டும் என்பது அதன் கோரிக்கை. கையொப்பமிட்டவருள் எழுபத்துமூன்று வயதான கிர்லெஜாவும் இருந்தார். கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழுவில் தம் ஸ்தானத்தை அவர் விட்டார். சில தினங்களுக்குள் பெல்கிரேடில் நாற்பதுக்கு மேற்பட்ட செர்பிய எழுத்தாளர்கள் பதில் விண்ணப்பம் எழுதி, அப்படியாயின் குரோஷியாவில் வாழும் செர்பியருக்கும் அவர்களுடைய பாஷையும் லிபியும் உண்டு என்றார்கள். அரசாங்கம் இரு தரப்பினரையும் கண்டித்தது.

நான்காண்டுகள் சென்றபின், 1971-இல், பாபிச், ஃபின்கா, மோகுஷ் என்ற மூன்று பண்டிதர்கள் ஸாக்ரெப்பில் ஓர் எழுத்திலக்கண நூலை அச்சிட்டார்கள். அட்டையில் 'குரோஷிய எழுத்திலக்கணம்' என்று இருந்தது. மற்றொரு பெயர் இல்லை. கடைகளுக்குப் போகுமுன் பிரதிகள் அழிக்கப்பட்டன. தப்பிய பிரதி ஒன்று லண்டனை அடைந்து, 1972-இல் அங்கிருந்த குரோஷிய அகதிகளால் புகைப்பட முறையில் மறுபடி அச்சிடப்பட்டது. அந்தப் பதிப்பு இரகசியமாகத் தாயகம் திரும்பியபோது, வாசகர்கள் அதற்கு 'லோந்தோனாட்ஸ்', லண்டன்காரன், என்று பெயரிட்டார்கள். 1990-இல் அதே புத்தகம் ஸாக்ரெப்பில் பகிரங்கமாக வெளிவந்தது. அவ்வருஷம் டிசம்பர் 22-ஆம் தேதி நிறைவேறிய புதிய குரோஷிய அரசியல் சாஸனம், ராஜாங்க பாஷையின் பெயரை ஒரே சொல்லில் எழுதிற்று.